அந்த அம்மா திட்டினார்கள் என்றாயே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. பாளையங்கோட்டையில் ஒரு வாரமாக நல்ல மழை, துணி காய மாட்டேன் என்கிறது. போனில் சொல்ல வேண்டியதுதான். ஆனால் போனில் நான் அழுவேன், நீயும் அழுவாய், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவசரமில்லாமல் படி.

போன மாதம் நீ அமெரிக்காவிலிருந்து அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பற்றித்தான். வாலிபால் மேட்ச் முடிந்ததும் கூட்டாளியின் காரில் ஏறிப் பீட்சா சாப்பிடப் போயிருக்கிறாய். போனில் சார்ஜ் இல்லை. வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பதரை. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, நீ தங்கிப் படிக்கும் வீட்டு அம்மா குளிரில் கோட்டை மாட்டிக்கொண்டு படியிலேயே நின்றார்கள் என்றாய். எல்லோர் முன்னாலும் திட்டினார்கள், ஒரு வாரம் பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீடு என்று சொல்லிவிட்டார்கள் என்றாய். "என்னைத் திட்ட அவங்க யாரும்மா?" என்று கேட்டாய்.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஊரில் உன்னைக் கவனித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டருக்கு நானே மெசேஜ் அனுப்பி, என் மகளை வேறு வீட்டுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். மறுநாள் அவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். அன்று இரவு எட்டு மணியிலிருந்து உன் ஹோஸ்ட் அம்மா அவருக்கு மூன்று முறை போன் செய்தார்களாம். மூன்றாவது முறை அழுதுவிட்டார்களாம். "இந்தியாவில் இருக்கும் அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்டார்களாம்.

அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் அதே வார்த்தையை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

1994இல் ப்ளஸ் ஒன் படிக்க என்னைத் தூத்துக்குடியில் அத்தை வீட்டில் விட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அங்கே எப்படி இருந்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்குத்தான் கூச்சம். தட்டில் இரண்டு தோசை விழுந்ததும் போதும் என்று எழுந்துவிடுவேன். பசி இருக்கும், ஆனால் மூன்றாவதுக்கு வாய் வராது. கைகழுவக் குடத்தில் தண்ணீர் மொள்ளக்கூட யோசிப்பேன். தண்ணீர் லாரி வரும் தெரு அது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, மூலையில் ஒரு பாயோடு ஒண்டிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் பனிமய மாதா கோவில் திருவிழா. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளோடு அப்படியே போய்விட்டேன். கூட்டத்தில் நேரம் போனதே தெரியவில்லை. எட்டு மணிக்குத் திரும்பினால், தெருமுக்கில் அத்தை தலைகூட முடியாமல் நிற்கிறாள். "எங்கட்டி போய்த் தொலைஞ்ச? ஒங்க அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். தெருவே பார்த்தது. வீட்டுக்குள் வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு தோசை போட்டாள், மூன்றாவதையும் கேட்காமலே போட்டாள். நான் அழுதுகொண்டே நான்கு தோசை தின்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கூச்சம் வரவில்லை.

விருந்தாளியை யாரும் திட்ட மாட்டார்கள் கண்ணம்மா.

நீ போயிருக்கும் திட்டத்தில் அந்த வீட்டாருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. உன் படிப்புக்கும் டிக்கெட்டுக்கும் அமெரிக்க அரசு பணம் தருகிறது, ஆனால் உனக்குக் கட்டில் போட்டு, சோறு போட்டு, பத்து மாதம் வைத்துக்கொள்பவர்கள் சும்மா செய்கிறார்கள். புறப்படுவதற்கு முன் நடந்த கூட்டத்தில் உன்னை அனுப்பிய ஏஎஃப்எஸ் பற்றிச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் சேர்ந்த அமைப்பு அது. இரண்டு போரையும் பார்த்தவர்கள், 1947இல் பிள்ளைகளை வேறு நாட்டு வீடுகளில் தங்கிப் படிக்க வைக்கத் தொடங்கினார்கள். ஹாஸ்டலில் போட்டிருக்கலாம். வீடுகளில்தான் விட்டார்கள். அன்று அதைக் கேட்டபோது எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திட்டுவது வேறு, கெடுதல் வேறு. யாராவது தப்பாகத் தொட்டால், தப்பாகப் பேசினால், வயிற்றுக்குப் போடாமல் வைத்தால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால், அங்கே மரியாதை பார்க்காதே. அவர்கள் மனது கஷ்டப்படும் என்று நினைக்காதே. உன்னிடம் கொடுத்த அட்டையில் கோஆர்டினேட்டர் எண்ணும் அமெரிக்க வெளியுறவுத் துறை எண்ணும் இருக்கிறது. எந்த நேரமானாலும் கூப்பிடு, அப்புறம் எங்களைக் கூப்பிடு. மாதாமாதம் கோஆர்டினேட்டர் உன்னிடம் பேசுவதும் இதற்காகத்தான். "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. ஆனால் எங்கே போனாய் என்று கேட்பது இதில் சேராது.

இன்னொரு விஷயம், இதில் தப்பு என்னுடையது. தினமும் காலை ஏழு மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு அது இரவு எட்டரை. ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு, அவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சீட்டு விளையாடும் நேரம் அது. நீ அந்த நேரம் பார்த்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு என்னோடு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறாய். மூன்று மாதம் அவர்கள் வீட்டிலிருந்து உன்னை நான் தினமும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். போன வாரம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்களே, அதைச் சாக்காக வைத்து நானும் மாற்றிக்கொள்கிறேன். இனி வாரம் ஒரு முறை. எனக்கு ஞாயிறு காலை எட்டு மணி, உனக்கு சனி இரவு எட்டரை. முடிந்தால் ஹாலிலேயே உட்கார்ந்து பேசு. அவர்களும் எங்கள் முகத்தைப் பார்க்கட்டும். ஆச்சிக்கு இங்கிலீஷ் வராவிட்டால் என்ன, சிரிக்க வரும்.

அப்புறம் அந்தப் பொடி. வீடியோவில் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, மடியில் ஒரு டிஷ்யூ பேப்பரை விரித்து, பிரெட்டில் இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் தடவித் தின்றாய். எண்ணெய் சொட்டாமல் ஒரு கையை அடியில் ஏந்தியிருந்தாய். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூலையில் பாயோடு ஒண்டியிருந்த என்னையே பார்த்த மாதிரி இருந்தது. ஒரு கிலோ பொடி கட்டிக்கொடுத்தவளும் நான்தான். அதைக் கீழே கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வை. மாட்டுக்கறி உனக்கு ஆகாது என்று தெரிந்து, அந்த அம்மா உனக்காக ஹாட் டிஷ் என்று அவனில் வேகவைக்கும் அந்தப் பதார்த்தத்தைக் கோழி போட்டுச் செய்தார்கள் என்று நீதானே சொன்னாய்? மேலே உருளைக்கிழங்கை வரிசையாக அடுக்கும்போது உன் பக்கத்துக்கு மட்டும் ஒரு டூத்பிக் குத்தி அடையாளம் வைத்தார்கள் என்றாயே. டூத்பிக் குத்தி வைத்தவர்களுக்கு உன் பொடி வாசனை ஒன்றும் செய்யாது. காரம் தாங்காது என்றால் கொஞ்சம் தயிர் கலந்து கொடு.

நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங்குக்கு அவர்கள் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போவீர்களாமே. அங்கே போனதும் போனை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்காராதே. அடுக்களைக்குப் போய் என்ன நறுக்க வேண்டும் என்று கேள். வேண்டாம் என்றால் இன்னொரு முறை கேள். பாத்திரம் துலக்க நில். பாட்டியிடம் நன்றாக வாய் கொடு, பாட்டிகளோடு பேச உனக்குச் சொல்லித்தர வேண்டாம். பனி கொட்டிவிட்டால் வாசலில் தள்ளுவதற்கு அந்த வீட்டு அண்ணனோடு நீயும் மண்வெட்டி எடு. கையுறை போட்டுக்கொள்.

அந்த அம்மாவுக்கு நானும் தனியாக நாலு வரி எழுதியிருக்கிறேன். அப்பா இங்கிலீஷில் மாற்றிக்கொடுத்தார். மகளுக்காக வாசலில் நின்றதற்கு நன்றி, அவள் இரவு நேரம் கழித்து வந்தால் இனியும் திட்டுங்கள் என்று எழுதினேன். உன்னைக் கேட்காமல் எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டை மாற்றச் சொல்லி நான் அனுப்பிய மெசேஜ் அவர்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் வருத்தப்பட்டதாக நீ சொல்.

ஆச்சி ஒன்று கேட்கச் சொன்னாள். அந்த அம்மாவுக்கு ஒரு சேலை அனுப்பினால் கட்டிக்கொள்வார்களா, இல்லை சால்வையே போதுமா? எந்த நிறம் பிடிக்கும் என்று சாடையாகக் கேட்டு வை. சனிக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அம்மா