வான்கதவைத் திறப்பதற்கும் முன்னறிவித்தல் உண்டு

வான்கலங்களுக்கும் ஆளில்லாப் பறப்புக் கருவிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பிலுள்ள உயர் அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கடந்த காலபோகத்தின்போது இரணைமடுக்குளத்தின் வலதுகரை வாய்க்கால் வழியிலுள்ள எங்கள் வயல்வெளியில் மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்று விழுந்த விடயம் உங்களுக்குப் புதிதல்ல. சான்றிதழுக்கான அந்தச் சோதனைப் பறப்பைப் பார்வையிட உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் அன்று வந்திருந்தார். எங்கள் கமக்காரர் அமைப்பு அனுப்பிய இரண்டு பதிவுத் தபால்களும் உங்கள் அலுவலகத்தில் கையொப்பமிட்டுப் பெறப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு வந்த ஒரேயொரு பதிலை, அது எங்களுக்கு விளங்காத மொழியில் இருந்ததால், கிளிநொச்சி நகரில் ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்தோம். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எந்த நடவடிக்கை, யார் மேல், எப்போது என்பதை அறியவே இந்த மடலை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

30 லீற்றர் தாங்கி பொருத்திய அந்தக் கருவி, தாங்கி பாதி வெறுமையாகியிருந்த நேரத்தில், வயலின் கடைசி வரம்பில் திரும்பும்போது ஒருபக்கம் சரிந்து, நிமிர்ந்து, மறுபடி சரிந்து, அதன் சத்தம் ஒரேயடியாக நின்றுபோக, பக்கத்து வயலில் களைபிடுங்கிக்கொண்டிருந்த பதினொரு பெண்களுக்கு இருபது மீற்றர் தூரத்துக்குள் விழுந்தது. பற்றரி புகைந்து எரிந்தது. அதை மூடுவதற்கு ஒரு வாளி மணல்கூட அங்கே இருக்கவில்லை. தாங்கியில் இருந்தது தண்ணீரும் அல்ல, பூச்சிமருந்து. பறக்குமா என்று பார்க்க வந்த கருவிக்குள் எதற்காக நஞ்சை ஊற்றினார்கள் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அடுத்த கிராமத்திலிருந்து நாட்கூலிக்கு வந்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சத்தம் நின்றதும் மற்றப் பெண்கள் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். இவர் பார்க்கவில்லை. கையிலிருந்த களையைப் போட்டுவிட்டு, முழங்காலளவு தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்குள் குப்புறப் படுத்து, இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டார். வேவு விமானத்தை வண்டு என்று அழைத்துப் பழகிய சனம் நாங்கள். வண்டு இரைந்துகொண்டிருக்கும்வரை அது எங்கோ மேலே நிற்கிறது என்றும், மேலே கேட்கும் சத்தம் மாறினால் விழுந்து படுக்கவேண்டும் என்றும் 2009 இல் இந்த மண்ணில் குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. மூச்சுத் திணறிய நிலையில் அவரைத் தூக்கி நிறுத்தியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, அடுத்தது எங்கே விழுந்தது என்பதுதான். கருவியை இயக்கிய கம்பனித் தம்பி, பகிடி போல, “இது சும்மா டெஸ்ட்தான் அம்மா, பயப்பிடாதேங்கோ” என்றார். அந்தப் பிள்ளையை நான் குறைசொல்லவில்லை. அவருக்கு அந்த வயது. ஆனால் அந்த அம்மா அதன்பின் அந்தப் போகம் முழுவதும் எந்த வயலுக்கும் களைபிடுங்க வரவில்லை. விழுந்து நொருங்கிய கருவிக்குக் காப்புறுதி இருந்ததாம். அவருடைய பதினெட்டு நாட் கூலிக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் முதன்மைக் கோரிக்கை இது. சான்றிதழுக்காக நடத்தப்படும் எந்தச் சோதனைப் பறப்புக்கும் முன்னர், அதில் என்னென்ன பிழைக்கலாம், பிழைத்தால் யாருக்கு என்ன நேரும், அதைத் தடுக்க என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று விளக்கும் இடர் மதிப்பீடு எழுத்தில், தமிழில், நிலத்தில் நிற்கப்போகிற எங்களிடம் தரப்படவேண்டும்.

சோதனைப் பறப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நஞ்சைத் தோளில் சுமந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்து, சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை எங்கள் ஊர்களில் பார்த்தவர்கள் நாங்கள். நல்ல கருவி வருமென்றால் முதலில் வாங்குபவர்களும் நாங்களாகத்தான் இருப்போம். புதிதாகச் செய்த எந்தப் பறக்கும் பொருளையும் ஒருநாள் யாராவது பறக்கவிட்டுத்தான் பார்க்கவேண்டும், அதில் ஆபத்து இருக்கத்தான் செய்யும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த ஆபத்தை எண்ணி, எழுதி, படிப்படியாகக் குறைக்கிற வழக்கம் உலகத்தில் நெடுநாளாக இருக்கிறது என்பதை, வெளிநாட்டில் வானூர்திப் பொறியியல் படிக்கும் என் பெறாமகள் அனுப்பிய ஆவணங்களில் வாசித்த பிறகுதான், எங்கள் வயலில் நடந்தது விபத்து மட்டுமல்ல என்று விளங்கியது.

அமெரிக்காவின் கூட்டாட்சி வான்பயண நிருவாகம் தன் சோதனைப் பறப்பு உத்தியோகத்தர்களுக்கென்று 4040.26 என்ற இலக்கத்தில் ஒரு கட்டளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னர் இடர் என்ன, அதன் காரணம் என்ன, விளைவு என்ன, குறைக்கும் வழி என்ன, நடந்துவிட்டால் செய்யவேண்டியது என்ன என்று எழுதி, அந்தச் சோதனையைத் தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று தரம்பிரித்து, தரம் உயர உயர மேலிடத்தில் ஒப்புதல் பெறவேண்டும் என்பதே அதன் சாரம். கடினமான சோதனையை முதல்நாளே செய்யக்கூடாது, எளிய நிலையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறவேண்டும், ஒரு படியில் எதிர்பாராதது நடந்தால் காரணம் விளங்கும்வரை அடுத்த படியில் கால் வைக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். இதன்படி பார்த்தால் எங்கள் வயலுக்கு வந்த கருவி முதலில் வெறும் தாங்கியோடும், பிறகு தண்ணீரோடும், ஆளில்லாத தரையில், தாழ்வாகப் பறந்திருக்கவேண்டும். பாதி நிறைந்த தாங்கிக்குள் திரவம் ஒருபக்கம் அலைந்தால் பாரமும் அந்தப் பக்கம் போகும் என்பதை அறியப் பொறியியல் படிக்கவேண்டியதில்லை. அரைக்குடம் தண்ணீரைத் தலையில் சுமந்த எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்லுவார்.

இன்னொன்று. கருவி விழுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரும் அதே திருப்பத்தில் அது சரிந்து, வரம்பில் மோதுவதுபோல இறங்கியதைப் பலர் கண்டோம். காற்று என்றார்கள். அன்று காற்றே இருக்கவில்லை. 2011 ஏப்ரல் 2 ஆம் திகதி நியூ மெக்சிக்கோவின் ரொஸ்வெல் ஓடுபாதையில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானத்துக்கு நடந்ததும் இதே கதைதான். ஓர் இயந்திரம் பழுதானதுபோல் வைத்து மேலெழும் சோதனையின்போது வலது இறக்கை தூக்குவிசையை இழந்து, நுனி தரையில் உரசி, விமானம் எரிந்து, இரண்டு விமானிகளும் இரண்டு சோதனைப் பொறியியலாளர்களும் இறந்தார்கள். அதற்கு முன்னரே, 2010 நவம்பரிலும் 2011 மார்ச்சிலும், அதே வகைச் சோதனைகளில் வலது இறக்கை சரிந்திருந்தது. அவற்றைச் சரியாக ஆராயாமல், நெருக்கிய கால அட்டவணையோடு தொடர்ந்து ஓடினார்கள் என்பதை அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை தன் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதியது. அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்றை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: ஆபத்துக் கூடிய சோதனைகளைப் பற்றி விமான நிலையத்தின் மீட்பு, தீயணைப்பு அணிகளோடு முன்கூட்டியே பேசி, அவர்களை ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்பது. தரையில் நிற்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள் என்பதைத்தான் அவர்களும் நான்கு உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள்.

1994 ஜூன் 30 ஆம் திகதி துலூஸில் எயார்பஸ் ஏ330 ஒன்று, தானியங்கியின் கட்டுப்பாட்டில் ஓர் இயந்திரம் நின்றதுபோல் வைத்துப் பார்த்த சோதனையில் விழுந்தபோது, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். மூவர் பணிக்குழுவினர், நால்வர் பயணிகள். சோதனைக்கு அவசியமில்லாத ஒருவரும் ஆபத்தின் எல்லைக்குள் இருக்கக்கூடாது, ஆகக்குறைந்த பணிக்குழுவோடு பறக்கவேண்டும் என்பதை அந்தத் தொழிலில் உள்ளவர்கள் இவ்வளவு வலியுறுத்துவது காரணமில்லாமல் அல்ல. எங்கள் பதினொரு பெண்களும் அன்றைய ஆகக்குறைந்த பணிக்குழுவில் என்ன பதவியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்பதைத் தயவுசெய்து அறியத் தாருங்கள். அந்தப் பதவிக்குரிய சம்பளத்தையாவது கேட்டுப் பெறலாம்.

இவற்றையெல்லாம் ஒரு கமக்காரன் எதற்குப் பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஏழு வருடங்கள் நான் கண்ணிவெடி அகற்றும் அணியொன்றில் பிரிவுத் தலைவனாக இருந்தேன். இன்று அந்த ட்ரோன் பறக்கிற வயல்களில் சிலவற்றை முழங்காலில் நின்று, ஒரு மீற்றர் அகலப் பாதையாக, கையால் கிளறித் துப்புரவாக்கியவர்களில் நானும் ஒருவன். அங்கே காலையில் அன்றைய வேலையை விளக்கிச் சொல்லாமல் ஒருவரும் பாதைக்குள் இறங்குவதில்லை. மருத்துவ உதவியாளரும் அம்புலன்சும் வந்து நிற்காவிட்டால் வேலை தொடங்குவதில்லை. அம்புலன்சுக்கு ரயர் காற்றுப்போன ஒரு நாளில் முப்பது பேர் மரநிழலில் சும்மா இருந்து அரைநாட் சம்பளத்தை வாங்கினோம், அதற்காக எவரும் எங்களை ஏசவில்லை. பணியில் சேர்ந்து ஒரு கிழமையான பிள்ளைகூட நிறுத்து என்று கத்தினால் முழு அணியும் நிற்கும். ஏன் கத்தினாய் என்று பிறகுதான் கேட்போம். துப்புரவாக்கிய நிலத்தை நாங்களே நல்லது என்று சொல்லிக் கையளிக்கவும் முடியாது. எங்களோடு சம்பந்தமில்லாத இன்னொரு தரப்பு வந்து பரிசோதிக்கும். எங்கள் வயலில் நடந்த சோதனையிலோ, கருவியைச் செய்தவர், இயக்கியவர், பாதுகாப்பானது என்று தீர்மானித்தவர் மூவரும் ஒரே கம்பனியின் ஒரே வாகனத்தில் வந்து இறங்கினார்கள். உங்கள் உத்தியோகத்தரும் அதே வாகனத்தில்தான் வந்தார் என்பதை மரியாதை கருதி இதுவரை எழுதாமல் இருந்தேன்.

வன்னி என்றால் வரைபடத்தில் வெற்றிடம் என்று கொழும்பில் ஓர் எண்ணம் இருக்கிறதுபோலும். அறுபது வருடம் உழுத காணியில் ஒருநாள் காலையில் வனத்துக்குரிய எல்லைக்கல் முளைத்திருக்கும். சொந்தக் காணியில் படைமுகாம் இருப்பதால் அதற்குப் பக்கத்தில் குத்தகைக்கு உழுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். யானை வேலி போடுகிறோம் என்பார்கள், யானை வந்து போனபின் அளவெடுக்க வருவார்கள். இப்போது வானமும் வெற்றிடமாகத் தெரிகிறது. நகரத்து மைதானத்தில் பறக்கவிடத் தயங்குகிற கருவியை இங்கே கொண்டுவந்தால் கேட்க ஆளில்லை. குளம் நிரம்பும்போது மேலதிக நீரை வெளியேற்றும் இரணைமடுவின் வான்கதவைத் திறப்பதற்கு முன்னர்கூட ஒலிபெருக்கி கட்டி, தாழ்நிலத்தில் இருப்பவர்களை விலகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. குளத்து வானுக்கு இருக்கிற அந்த மரியாதை தலைக்குமேல் இருக்கிற வானுக்கு இல்லை.

மன்னிக்கவும், எழுத வந்ததை விட்டு விலகிவிட்டேன். யானையும் எல்லைக்கல்லும் உங்கள் அலுவலகத்தின் பொறுப்பல்ல.

உங்கள் பொறுப்பிலுள்ளதை மட்டும் பணிவோடு மறுபடி கேட்கிறோம். சோதனைப் பறப்புக்கு முன் இடர் மதிப்பீடு எழுத்தில், தமிழில், எங்கள் கையில் வரவேண்டும். அதைச் சரிபார்ப்பவர் கருவியை விற்பவரிடம் சம்பளமோ வாகனமோ பெறாதவராக இருக்கவேண்டும். சோதனை நடக்கும் நாளும் நேரமும் கிராம அலுவலருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, அந்த நேரத்துக்கு வயல்கள் வெறுமையாக்கப்பட்டு, அதனால் கூலி இழப்பவர்களுக்கு அந்தக் கூலியைச் சோதனை நடத்துபவர் கொடுக்கவேண்டும். தீயணைக்கும் பொருளும் முதலுதவி தெரிந்த ஒருவரும் களத்தில் நிற்கவேண்டும். நிறுத்து என்று சொல்லும் உரிமை வரம்பில் நிற்கும் எவருக்கும் இருக்கவேண்டும். காலபோகத்தில் விழுந்த கருவி ஏன் விழுந்தது, இரண்டு நாட்களுக்கு முன் ஏன் சரிந்தது என்ற விளக்கமும் எங்களுக்குக் கிடைக்கவேண்டும். அது கிடைக்கும்வரை அந்தக் கருவிக்குச் சான்றிதழ் வழங்குவதை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

திருத்தப்பட்ட கருவி சிறுபோகத்தில் மறுபடி வரும் என்று கம்பனிக்காரர் ஒருவர் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்களுக்குக் கிடைத்திருக்கும் முன்னறிவித்தல் இப்போதைக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் அமைப்பின் கூட்டம் நடக்கிறது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பிவைத்தால் கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, சொல்வதைக் கேட்போம். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது: சத்தம் நின்றால் எந்தப் பக்கம் ஓடவேண்டும்?

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
செயலாளர், கமக்காரர் அமைப்பு,
வலதுகரை வாய்க்கால் வழி, கிளிநொச்சி