சப்போரோ போறவங்க கோட்டுக்கு முன்னாடி ஷூவப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் டோக்கியோவுல எட்டு வருஷமா வேலை பாக்குறேன். ஞாயித்துக்கிழமை காலைல காபியோட உங்க பேப்பர ஆன்லைன்ல கடைசி பக்கம் வரைக்கும் படிச்சாத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமை. சுற்றுலா பக்கத்துல சப்போரோ ஸ்நோ ஃபெஸ்டிவல், அதான் வடக்கு ஜப்பான்ல பிப்ரவரியில ஸ்நோவுல பெரிய பெரிய சிலை செஞ்சு வெக்கற திருவிழா, அதப் பத்தி நீங்க போட்ட கட்டுரையப் படிச்சேன். படமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு, எழுதினவங்களும் ஆசை ஆசையா எழுதியிருக்காங்க. ஆனா தெர்மல் போடுங்க, குல்லா போடுங்க, ரெண்டு ஜோடி கையுறை வெச்சுக்கோங்கன்னு எல்லாம் சொன்னவங்க காலுக்கு என்ன போடணும்னு ஒரு வரி கூட சொல்லல. அதனாலதான் இத எழுத உக்காந்தேன். இந்த பிப்ரவரியில எங்க கூட அங்க வந்த ஃப்ரெண்டு ஒருத்தன் வலது மணிக்கட்டுல மாவுக்கட்டோடதான் ஊருக்கு ஃப்ளைட் ஏறினான்.

நாங்க அஞ்சு பேர், காலேஜ்ல ஒண்ணா படிச்சவங்க. மூணு பேர் ஜப்பான்ல இருக்கோம், ரெண்டு பேர் இதுக்காகவே ஊர்லேர்ந்து வந்தாங்க. பத்து வருஷமா "ஒரு தடவ எல்லாரும் சேர்ந்து ஸ்நோ பாக்கணும்டா"ன்னு வாட்ஸப்ல பேசிப் பேசியே ஓடிப்போச்சு, இந்த வருஷம்தான் கூடி வந்துச்சு. வந்த ரெண்டு பேரும் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்கிட்ட ஷூ பத்தி கேட்டிருக்காங்க, அவர் "சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும் சார், எல்லாம் சிட்டிக்குள்ளதானே"ன்னு சொல்லி அனுப்பிட்டார். டோக்கியோவுல இருக்கற எங்களுக்காவது தெரிஞ்சிருக்கணும், எங்களுக்கும் தெரியல. டோக்கியோவுல வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள்தான் ஸ்நோ தரையில படியும், அதுவும் சீக்கிரமே கரைஞ்சுடும்.

நம்ம தமிழ்ல மார்கழி காலைல புல்லு மேல நிக்கறதும் பனி, ரோட்ட மறைக்கற மூட்டமும் பனி, வானத்துலேர்ந்து பஞ்சு மாதிரி விழறதும் பனி, அது இறுகி கல்லு மாதிரி ஆனாலும் பனிதான். அதனால "பனித் திருவிழா"ன்னு படிச்சதும் நம்ம மனசுல பஞ்சுதான் வருது, விழுந்தாக்கூட மெத்தையில விழற மாதிரின்னு நினைச்சுக்கறோம். ஜப்பான்காரங்களுக்கு ஸ்நோ யுகி, ஐஸ் கோரி, ரெண்டும் வேற வேற சாமான். ஃபெஸ்டிவல் பேரு யுகி மத்சுரி, ஆனா நீங்க நடக்கறது என்னவோ கோரி மேல.

அது ஏன்னு அங்கதான் தெரிஞ்சுகிட்டேன். சப்போரோ கிட்டத்தட்ட இருபது லட்சம் பேர் இருக்கற நகரம், ஒரு குளிர்காலத்துல விழற ஸ்நோவக் கூட்டிப் பாத்தா அஞ்சு மீட்டர் அளவுக்கு வரும், அவ்வளவு பெரிய ஊர்ல அவ்வளவு ஸ்நோ விழற இடம் உலகத்துலயே ரொம்பக் கம்மி. முன்னாடி கார் டயர்ல இரும்பு ஆணி பதிச்சு ஓட்டுவாங்களாம், அது ரோட்டச் சுரண்டிச் சுரண்டி ஊரெல்லாம் தூசியா பறந்து ஜனங்களுக்கு மூச்சு முட்டுனதால 1990-ல சட்டம் போட்டு நிறுத்தினாங்க. காத்து சுத்தமாச்சு, ஆனா சிக்னல்ல நின்னு நின்னு கிளம்பற ஆணியில்லாத டயரெல்லாம் ஸ்நோவத் தேய்ச்சுத் தேய்ச்சு கண்ணாடி ஆக்கிடுது. அதனால ரோடு கிராஸ் பண்ற இடம்தான் இருக்கறதுலயே மோசம், அதுலயும் ஜீப்ரா கோட்டோட வெள்ளைப் பெயின்ட் மேல ஐஸ் படிஞ்சா கால் நிக்கவே நிக்காது. டாக்ஸி நிக்கற இடம், பஸ் ஸ்டாப், பார்க்கிங் வாசல் எல்லாம் இதே கதைதான். பகல்ல சூடு ஜீரோவச் சுத்தி ஏறி லேசா கரையும், ராத்திரி மைனஸ் ஏழு எட்டுக்குப் போயி திரும்ப இறுகும், அதுக்கு மேல புதுசா ஒரு விரக்கடை ஸ்நோ விழுந்து மூடிட்டா கீழ கண்ணாடி இருக்கறதே தெரியாது. இந்த வழுக்கலுக்கு அவங்க சொல்ற வார்த்தை த்சுருத்சுரு, கேக்கறதுக்கு அழகா இருக்கும். சறுக்கி விழுந்து ஆம்புலன்ஸ்ல போறவங்க மட்டும் சப்போரோவுல வருஷா வருஷம் ஆயிரம் பேர் அளவுக்கு இருக்காங்க, சில வருஷம் அதுக்கும் மேல, அங்கேயே பொறந்து வளந்தவங்களும் அதுல உண்டு.

ஆனா போகாதீங்கன்னு சொல்ல வரல, கண்டிப்பா போங்க. மொத நாள் சாயங்காலம் ஓடோரி பார்க்குக்குள்ள நுழைஞ்சப்ப எங்க அஞ்சு பேர்ல ஒருத்தருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரல. ஊருக்கு நடுவுல ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பார்க், ஒரு முனையில 147 மீட்டர் டிவி டவர், ரெண்டு பக்கமும் ரோடு, நடுவுல வரிசையா சிலைங்க. பெருசெல்லாம் அஞ்சு மாடிக் கட்டடம் உசரம். அதுல தூண், ஜன்னல், படிக்கட்டு, கூரை ஓடுன்னு ஒவ்வொண்ணா செதுக்கி வெச்சிருக்காங்க. நான் கயிறு கிட்ட போயி ரொம்ப நேரம் ஒரு மூலையவே பாத்துகிட்டு நின்னேன், ஓடு ஒவ்வொண்ணுக்கும் கீழ நிழல் விழணும்னு ரெண்டு விரல் ஆழத்துக்கு உள்ள குடைஞ்சிருக்காங்க, கரண்டி வெச்சு இழுத்த கோடு கூட அப்படியே இருக்கு. லைட்டு நிறம் மாற மாற அந்த நிழலும் மாறுது.

இத்தனைக்கும் இது 1950-ல ஸ்கூல் பசங்க ஆறு சிலை செஞ்சு ஆரம்பிச்சது. அப்ப அந்த பார்க்கு ஊர்ல அள்ளற ஸ்நோவக் கொட்டற இடம், வேண்டாம்னு கொட்டுன குவியல்லதான் பசங்க சிலை புடிச்சாங்க. 1955-ல மகோமனாய் முகாம்லேர்ந்து ஜப்பானோட ராணுவமான தற்காப்புப் படைக்காரங்க வந்து சேர்ந்த பிறகுதான் சிலைங்க பெருசாச்சு, 1972 குளிர்கால ஒலிம்பிக் இங்க நடந்தப்ப உலகத்துக்கே தெரிஞ்சுது, 1974-லேர்ந்து வெளிநாட்டு டீமுங்களும் வந்து போட்டியில செதுக்கறாங்க. இப்பவும் பெரிய சிலைங்கள்ல ராணுவத்துக்காரங்க கை இருக்கு. ஊருக்கு வெளியேர்ந்து மண்ணு கலக்காத சுத்தமான ஸ்நோவ லாரி லாரியா கொண்டு வந்து, பலகைச் சட்டம் கட்டி அதுக்குள்ள கொட்டி மிதிச்சு இறுக்கி, அப்புறம் மேலேர்ந்து கீழ செதுக்கிகிட்டே வருவாங்க. தனியா செஞ்ச பாகத்த ஒட்டறதுக்கு கோந்தெல்லாம் கிடையாது, ஸ்நோவும் தண்ணியும் குழைச்ச சாந்துதான், வெச்சா அந்தக் குளிர்லயே புடிச்சுக்கும். 2020-ல ஸ்நோ பத்தாம தூரத்து ஊருலேர்ந்தெல்லாம் லாரியில கொண்டு வந்திருக்காங்க. இவ்வளவு உழைப்பையும் பாக்கறதுக்கு ஒரு யென் டிக்கெட் இல்ல.

சரி, விழுந்த கதைக்கு வரேன். ரெண்டாவது நாள் ராத்திரி ஃபெஸ்டிவல் நடக்கற இன்னொரு இடமான சுசுகினோ பக்கம் போனோம், அங்க இருக்கறது ஐஸ் சிற்பம், கண்ணாடி மாதிரி, சிலதுக்குள்ள முழு மீனு, நண்டு எல்லாம் அப்படியே உறைய வெச்சு நிக்குது. அதப் பாத்துட்டு சாப்பிடலாம்னு சிக்னல்ல பச்சை விழுந்ததும் கிராஸ் பண்ணோம். முன்னாடி போனவன் ஃபோன்ல வீடியோ எடுத்துகிட்டே நாலு எட்டு எடுத்து வெச்சான், வெள்ளைக் கோட்டு மேல இடது கால் போச்சு, கையூணி விழுந்தான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா"ன்னு எழுந்துக்கப் பாக்கறான், மூஞ்சி வெளுத்துப் போச்சு. தூக்க குனிஞ்ச நாங்களும் வழுக்கறோம், சிக்னல் வேற கண் சிமிட்ட ஆரம்பிச்சுடுச்சு.

அப்பத்தான் ரோட்டோரத்துலேர்ந்து ஒரு பாட்டி வந்தாங்க, எழுபது வயசுக்கு மேல இருக்கும். கையில சின்ன ஒரு பிளாஸ்டிக் பை. அதக் கிழிச்சு எங்க காலச் சுத்தி மண்ணு மாதிரி எதையோ தூவினாங்க, தூவிட்டு "தைஜோபு, யுக்குரி, யுக்குரி"ன்னாங்க, பயப்படாதீங்க மெதுவா மெதுவான்னு அர்த்தம். மிதிச்சுப் பாத்தா கால் நின்னுது! அவன ரெண்டு பேரா புடிச்சு அந்தத் தூவின பாதையிலயே ஓரத்துக்குக் கொண்டு வந்தோம். நான் அந்த மண்ணக் கையில எடுத்துப் பாத்தேன், மண்ணு இல்ல, மிளகவிடச் சின்னதா உடைச்ச கருங்கல் ஜல்லி. சிக்னல் கம்பத்துக்கு கிட்ட ஒரு பெட்டி இருக்கு, அதுக்குள்ள இந்தப் பை அடுக்கி வெச்சிருக்காங்க, பூட்டு கிடையாது. சிட்டியில நடமாட்டம் அதிகமா இருக்கற கிராசிங்ல எல்லாம் இந்தப் பெட்டி இருக்கு. வழுக்கற இடத்தப் பாத்தா யார் வேணா எடுத்துத் தூவலாம், பின்னாடி வர்றவங்களுக்காக. ரெண்டு நாளா அந்தப் பெட்டிங்கள நாங்க குப்பைத் தொட்டின்னு நினைச்சுத் தாண்டித் தாண்டிப் போயிருக்கோம்.

ஜப்பான்ல ஆம்புலன்சுக்கு 119, அதுக்கு காசு கிடையாது, ஆனா ஆஸ்பத்திரி செலவு அப்படி இல்ல. இங்க வேலை பாக்கற எங்களுக்கு இன்சூரன்ஸ்ல முப்பது சதவீதம் கட்டினா போதும், டூரிஸ்டா வந்தவன் முழுசையும் கட்டணும். நல்ல வேளையா அவன் டிராவல் இன்சூரன்ஸ் எடுத்திருந்தான். எடுக்காம தயவு செஞ்சு யாரும் வராதீங்க.

மறுநாள் ஹோட்டல் ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, நாங்க கேக்காமலே, எப்படி நடக்கணும்னு லாபிலயே நடந்து காமிச்சாங்க. சின்னச் சின்ன அடியா வைக்கணும், குதிகால முதல்ல ஊணாம பாதம் முழுக்க ஒண்ணா பதியணும், உடம்பு லேசா முன்னாடி சாஞ்சிருக்கணும், கைய பாக்கெட்ல விடக் கூடாது. பெங்குவின் நடை. ஷூவுக்கு மேல மாட்டிக்கற ரப்பர் பட்டை கடையில கிடைக்குது, அடியில சின்னச் சின்ன ஆணி இருக்கும், ஆயிரம் ரெண்டாயிரம் யென்ல ஸ்டேஷன்லயும் கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயும் வாங்கிக்கலாம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைக்குள்ள, சப்வேக்குள்ள போனா கழட்டிடணும், டைல்ஸ் மேல அதுவே வழுக்கும். வசதி இருந்தா குளிர் பிரதேசத்து பூட்ஸ் அங்கேயே போயி வாங்குங்க, அடிய விரலால அழுத்திப் பாத்து மெத்துனு இருந்தா வாங்குங்க, கெட்டி ரப்பர் குளிர்ல கல்லாயிடும். பெரியவங்க கூட வந்தா சப்போரோ ஸ்டேஷன்லேர்ந்து ஓடோரி வரைக்கும் பூமிக்கு அடியிலயே நடைபாதை இருக்கு, 2011-ல திறந்தது, மேல ஏறவே வேண்டாம். குட்டிப் பசங்க இருந்தா த்சுடோமுன்னு இன்னொரு இடம், அங்க ஸ்நோவுல சறுக்குமரம் எல்லாம் இருக்கு. ஃபோன உள் பாக்கெட்ல வைங்க, அந்தக் குளிர்ல சார்ஜ் கண்ணு முன்னாடி இறங்குது.

சாப்பாடு பத்தி உங்க கட்டுரையிலயே நல்லா வந்திருக்கு, சூப் கறி மட்டும் விட்டுட்டீங்க. அது சப்போரோவுல பொறந்தது. ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவுல ஒரு பதம், அதுல பூசணி, கத்திரிக்கா, தாமரைத்தண்டெல்லாம் பெருசு பெருசா, சோறு தனித் தட்டுல, காரத்த நம்பர் சொல்லி வாங்கிக்கலாம். கையில கட்டோட இருந்தவன் இடது கையாலயே ஸ்பூன் புடிச்சு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான். காய்கறி சூப் கறின்னு போட்டிருந்தாலும் அடியில இருக்கற சாறு பெரும்பாலும் கோழிதான், சைவக்காரங்க கேட்டுட்டு உக்காருங்க.

டாக்டர் ரெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னதால டிக்கெட்ட மாத்தி தங்கினோம், அதனால யாரும் சொல்லாத ஒண்ணையும் பாத்தோம். ஃபெஸ்டிவல் முடிஞ்ச மறுநாள் காலைல சிலைங்கள மிஷின் வெச்சு இடிச்சுடறாங்க, இறுகுன ஸ்நோ தானா சரிஞ்சு யார் மேலயாவது விழுந்துடக் கூடாதுன்னு. வேலைக்குப் போற ஜனங்க பையோட நின்னு பாக்கறாங்க. நான் மொத நாள் பாத்த அந்தக் கூரை ஓடு, மிஷின் கை ஒரு தட்டு தட்டினதும் மொத்தமா கீழ வந்துச்சு, சத்தமே பெருசா இல்ல, பொத்துனு ஒண்ணு, அவ்வளவுதான். பக்கத்துல கட்டோட நின்னவன், "வருஷா வருஷம் மொதல்லேர்ந்தாடா செய்யறாங்க?"ன்னு கேட்டான். ஆமாடான்னேன். "அப்ப அடுத்த வருஷமும் வரலாம்"னான்.

உங்ககிட்ட நான் கேக்கறது சின்ன விஷயம்தான். அடுத்த தடவ இதப் பத்தி போடும்போது ஒரு பெட்டிச் செய்தியா ஷூ, ரப்பர் பட்டை, கிராசிங்ல இருக்கற ஜல்லிப் பெட்டி, இன்சூரன்ஸ், இந்த நாலையும் போடுங்க, அந்த ஜல்லிப் பெட்டியோட ஃபோட்டோ என்கிட்ட இருக்கு, வேணும்னா அனுப்பறேன். ஜனவரியில போட்டா பிரயோஜனம் இல்லீங்க, அக்டோபர்லயே போடுங்க, சப்போரோவுல ரூம் எல்லாம் அப்பவே நிரம்ப ஆரம்பிச்சுடும், நம்ம ஆளுங்க பெட்டி கட்டறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டாத்தான் ஷூ வாங்குவாங்க.

இப்படிக்கு,
டோக்கியோவிலிருந்து உங்கள் வாசகன்