கோல் பிடித்த கிளாடியோ அப்பாடோவும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் கேள்வி-பதில் பகுதியில், சிம்பொனி என்னும் நீண்ட மேற்கத்திய இசைப்படைப்பை வாசிக்கும் பெரிய இசைக்குழுவின் முன்னால் கோலுடன் நிற்பவருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பண்ணைப்புரத்து இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியதிலிருந்து எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் இந்தக் கேள்வி அடிபடுகிறது. "எல்லோரும் தாளம் தவறாமல் வாசிக்கப் பார்த்துக்கொள்பவர்" என்று தாங்கள் ஒரே வரியில் பதில் அளித்திருந்தீர்கள். அது தவறான பதில் அன்று. ஆனால் அந்த வேலையின் உயிர் அதில் இல்லை. பல ஆண்டுகள் பள்ளியில் பாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், அப்படிக் கோலுடன் நின்ற இத்தாலிய இசைக்குழு நடத்துநர் கிளாடியோ அப்பாடோவின் இசைத்தட்டுகளை நெடுங்காலமாகக் கேட்டு வருபவன் என்ற முறையிலும், அவருடைய வாழ்க்கையைக் கொண்டே அந்தக் கேள்விக்குப் பதில் எழுத விரும்புகிறேன்.

அப்பாடோ 1933 ஜூன் 26 அன்று மிலான் நகரில், வயலின் ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஏழு வயதில் அந்நகரின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் இசையைக் கேட்டவர், ஒருநாள் தானும் அதை உருவாக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். போர்க்காலத்தில் ஒரு யூதக் குழந்தைக்கு அடைக்கலம் தந்ததற்காக அவருடைய தாயார் சிறை சென்றார். சிறுவன் அப்பாடோ ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்தோக்கின் மேல் கொண்ட பற்றினால் "பார்தோக் வாழ்க" என்று சுவரில் எழுதி வைக்க, அது யாரோ ஒரு புரட்சிக்காரனின் பெயர் என்று எண்ணி ஜெர்மானிய ரகசியப் போலீசார் விசாரித்து வந்தார்களாம். இதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் காலத்து மிலானில் நடத்துநர் என்றாலே தோஸ்கானினிதான். அவருடைய ஒத்திகைகளைப் பார்த்த சிறுவனுக்கு, அந்த மேதை வாத்தியக்காரர்கள் மீது பாய்ந்த விதம் பிடிக்கவில்லை. அந்த வெறுப்பு அவரிடம் கடைசிவரை இருந்தது என்றே நினைக்கிறேன். தாம் நடத்திய ஒத்திகைகளில் அப்பாடோ குரலை உயர்த்தியதில்லை, பேசியதே குறைவு.

பிறகு அவர் வியன்னாவுக்குச் சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் நடத்துநர் கலையைப் பயின்றார். அதே வகுப்பில் நம் பம்பாயிலிருந்து சென்ற சுபின் மேத்தாவும் இருந்தார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளை வெளியாட்கள் பார்க்க அனுமதி இல்லாததால், இந்த இரண்டு இளைஞர்களும் அங்கிருந்த பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடகர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். பாடகர் வரிசையில் நின்றால் நடத்துநரின் முகம் தெரியும், கை தெரியும். எந்த இடத்தில் யாரைப் பார்க்கிறார் என்பதும் தெரியும். புரூனோ வால்டர், கராயன் போன்றோரின் வித்தையை அவர்கள் அப்படித்தான் எதிரே நின்று கற்றார்கள். பெரிய வித்வானின் வாசிப்பு கோயிலில் நடந்தால், தாளம் போடுகிற சாக்கிலாவது அருகில் உட்கார்ந்துவிடத் துடித்த நாகஸ்வர மாணவர்களை நான் என் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கற்க வேண்டும் என்ற தவிப்பு எந்த ஊரிலும் ஒன்றுதான் போலும்.

அவர் வகித்த பதவிகள் உலகம் அறிந்தவை. 1968 முதல் 1986 வரை லா ஸ்காலா, அடுத்து இசை நாடகங்கள் நடக்கும் வியன்னா அரசு ஓப்பரா, இடையில் லண்டன் சிம்பொனி இசைக்குழு. 1989இல் கராயன் மறைந்தபின் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கலைஞர்கள் தாங்களே வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே தம்மைப் பட்டப்பெயர் இன்றிக் கிளாடியோ என்றே அழைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். லா ஸ்காலாவில் இருந்தபோது தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டதோடு, பியானோ கலைஞர் பொல்லினியுடனும் இசையமைப்பாளர் நோனோவுடனும் தொழிற்சாலைகளுக்கே சென்று இசை வழங்கினார்.

ஆனால் என் மனம் நிற்கும் இடம் வேறு. 1978இல் ஐரோப்பிய நாடுகளின் பிள்ளைகளைத் திரட்டி ஓர் இளைஞர் இசைக்குழு உருவானபோது அப்பாடோ அதன் இசை இயக்குநரானார். அதில் தேறியவர்கள் பிரிந்துபோக மனமின்றி 1981இல் ஐரோப்பியச் சேம்பர் இசைக்குழு என்று தங்களுக்கெனச் சிறிய குழு ஒன்றைத் தொடங்கினார்கள். முன்சொன்ன இளைஞர் குழுவில் கம்யூனிஸ்ட் நாடுகளின் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆகவே ஆஸ்திரியப் பிள்ளைகளோடு ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்க, 1986இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் பெயரால் குஸ்தாவ் மாலர் இளைஞர் இசைக்குழுவை அப்பாடோ நிறுவினார். பெர்லின் சுவர் அப்போது இடிந்திருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து, 1997இல் மாலர் சேம்பர் இசைக்குழுவை அமைத்தார்கள்.

2000ஆம் ஆண்டில் அப்பாடோவுக்கு வயிற்றில் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை நடந்தது. உடல் மெலிந்து முகம் ஒடுங்கிப்போனது. 2002இல் பெர்லினை விட்டு விலகிய அவர், மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் ஒரு திருவிழா இசைக்குழுவைப் புதிதாகக் கட்டினார். அதன் முதுகெலும்பாக அமர்ந்தவர்கள் அந்த மாலர் சேம்பர் இசைக்குழுவினர்தாம். அவர்களைச் சுற்றி, ஐரோப்பாவின் தலைசிறந்த தனிவாசிப்புக் கலைஞர்கள் பின்வரிசை என்றும் பாராமல் வந்து உட்கார்ந்தார்கள். தான் வளர்த்த பிள்ளைகள் தன்னைத் தாங்க வந்து நிற்பதைக் காணும் பேறு எத்தனை ஆசிரியர்களுக்கு வாய்க்கும்? 2010இல் அங்கே மாலரின் 9ஆவது சிம்பொனி ஓய்ந்தபோது, கையை இறக்காமல் அவர் நின்ற நிலையில், அரங்கம் முழுவதும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கைதட்டாமல் இருந்தது. அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண்கள் கலங்குகின்றன.

ஒத்திகையில் அவர் அடிக்கடி சொன்ன சொல் "கேளுங்கள்" என்பதுதான். உன் பகுதியை வாசிப்பதோடு நில்லாமல், அடுத்தவன் வாசிப்பதைக் கேட்டு அதற்குள் உன் நாதத்தைச் சேர் என்பது அதன் பொருள். என் தந்தையார் திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துக் கோயில்களில் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதியவர். "ஊதுறது பெரிசில்லைப்பா, பக்கத்துல என்ன நடக்குதுன்னு காது போகணும்" என்று அவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. மணிக்கணக்கில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, வித்வான் எங்கே போகிறார் என்று கேட்டுக்கொண்டே இருப்பது அந்த வேலை. இசைக்குழு நடத்துநர் ஒரு சத்தமும் எழுப்பாமல் நூறு பேரைக் கேட்பவர். அவர்களை ஒருவரையொருவர் கேட்க வைப்பவர். வாசகருக்கு நான் தரக்கூடிய பதில் இதுவே.

2013 ஆகஸ்டில் இத்தாலிய அரசு அவரை வாழ்நாள் செனட்டராக நியமித்தபோது, அந்த ஊதியத்தை ஃபியேசோலே இசைப் பள்ளியின் உதவித்தொகைகளுக்கே அவர் கொடுத்துவிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மீண்டும் லா ஸ்காலாவில் இசை நடத்த அழைத்தவர்களிடம், ஊதியமாக மிலானில் 90,000 மரங்கள் நட வேண்டும் என்று கேட்டவரும் அவரே. 2014 ஜனவரி 20 அன்று பொலோன்யாவில் காலமானார். ஒரு வாரம் கழித்து லா ஸ்காலாவின் கதவுகளைத் திறந்து வைத்து, காலியான அரங்கில் பேத்தோவனின் 3ஆவது சிம்பொனியில் வரும் இறுதி ஊர்வல இசையை நடத்துநர் பேரன்பாயிம் நடத்தினார். ஆயிரக்கணக்கான மக்கள் வெளியே சதுக்கத்தில் நின்று கேட்டார்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி, மதுரை மணி ஐயர், நாகஸ்வரச் சகோதரர்கள் சேதுராமன், பொன்னுசாமி ஆகியோரைத் தந்த ஊர் எங்கள் மதுரை. இன்றும் வீணை, வயலின், நாகஸ்வரம், தவில் கற்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். தேவாலயங்களில் நான்கு குரலில் பாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி பாண்டு வாத்தியக் குழுக்களில் டிரம்பெட் ஊதுபவர்கள், சுதந்திர தின அணிவகுப்பு முடிந்ததும் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் வாய்ப்பு அமைவதில்லை. சித்திரைத் திருவிழாவையொட்டி நடக்கும் அரசுப் பொருட்காட்சியின் கலை நிகழ்ச்சிகளில் ஒரு மாலையை இப்படிப்பட்ட பிள்ளைகளின் கூட்டு வாசிப்புக்கு ஒதுக்கும்படி மாவட்ட நிர்வாகத்துக்குத் தங்கள் நாளிதழ் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். ஒத்திகைக்கு ஒரு பள்ளிக் கூடமும், நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். அந்த ஞாயிறுகளில் சுருதி சேர்க்கவும், சுரக்குறிப்பு எழுதிக் கொடுக்கவும் நான் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியர்,
திருப்பரங்குன்றம், மதுரை.