அழிப்பதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை வந்தால், சமூக சேவை என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைபடம் வரைய நம் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய திட்டம் அது. கணக்குத் திறந்தால் போதும், யாரும் தன் தெருவையும் கடையையும் அதில் சேர்க்கலாம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நான் சிங்கப்பூரில் ஈசூன், செம்பவாங் பக்கம் வேனில் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவன். எந்த அடுக்குமாடிப் புளோக்கில் லிஃப்ட் எந்தப் பக்கம், எங்கே தள்ளுவண்டி ஏறும், எங்கே ஏறாது என்பதைக் குறித்துவைக்கத்தான் முதலில் அதில் சேர்ந்தேன். இப்போது ஆறு வருடமாக, புதியவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கும் வேலையும் செய்கிறேன். அதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் ஊரை வரைவதில் ஒரு சிக்கல் உண்டு. செயற்கைக்கோள் படம் எப்போதும் நேர் மேலிருந்து எடுத்ததாக இருக்காது, கொஞ்சம் சாய்ந்திருக்கும். பதின்மூன்று மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் என்றால், அதன் கூரை ஓரிடத்திலும் அது தரையைத் தொடும் இடம் சில மீட்டர் தள்ளியும் தெரியும். புதிதாக வருபவர் கண்ணுக்குத் தெரிகிற கூரையைச் சுற்றி அழகாகக் கோடு போட்டுவிடுவார். அப்புறம் பார்த்தால், பக்கத்தில் போகும் கூரையிட்ட நடைபாதை கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகும். கூரையை வரைந்து முடித்ததும் அந்தக் கட்டத்தை அப்படியே இழுத்து அடித்தளத்தில் வைத்துவிட்டால் சரியாகிவிடும். ஒரு நிமிட வேலைதான், ஆனால் யாராவது சொல்லிக்கொடுக்காமல் யாருக்கும் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி எங்கள் வட்டாரத்தில் முப்பத்தொரு புளோக்குகளை இப்படி வரைந்திருந்தார். நான் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் நகர்த்தி வைத்தேன். அவருக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. பாவம் சின்னப் பிள்ளை, எதற்குத் தொந்தரவு என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னும் இருபது புளோக், அதே மாதிரி. அவருக்கு எப்படித் தெரியும்? நான் படத்தைத் திருத்திவிட்டு ஆளை விட்டுவிட்டேன்.

அந்த எரிச்சலில் அடுத்த தவறைச் செய்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்குக் கீழேயும் கருத்து எழுத இடம் உண்டு, உலகமே படிக்கலாம். அதில் ஒன்பது குறைகளை வரிசையாக ஆங்கிலத்தில் எழுதினேன். மூலைகள் செங்கோணத்தில் இல்லை, பாதைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, இல்லாத பாதையை வரைந்திருக்கிறீர்கள், நீக்கிவிட்டேன், இப்படி. எழுதியது எல்லாம் சரி என்றே நம்பினேன். அன்றிலிருந்து அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூடச் சேரவில்லை.

நாலு மாதம் கழித்து, அந்த மாணவி வரைந்திருந்த புளோக் ஒன்றுக்கு ஒரு சலவை இயந்திரம் கொண்டுபோனேன். முன்பக்கம் நாலு படி. இதை எப்படி ஏற்றுவது என்று நான் நிற்கையில், ஒரு பெரியவர் “பின்னால போங்க தம்பி” என்றார். பின்னால் மரங்கள் அடர்ந்து நின்றன. அவற்றுக்குக் கீழே சிமெண்டுப் பாதை ஒன்று சரிவாக லிஃப்ட் வாசல் வரைக்கும் போகிறது. மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும். நான் ‘இல்லாத பாதை’ என்று நீக்கியது அதைத்தான்.

அன்றிரவே பாதையைத் திரும்பப் போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு அந்த மாணவிக்குத் தமிழில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: “பரவாயில்லை அங்கிள். பாட்டியைச் சக்கர நாற்காலியில வச்சு அந்த வழியாத்தான் கூட்டிட்டுப் போவேன். அதான் வரைஞ்சேன்.” அவர் மறுபடி வரைய வரவில்லை. அது என் கணக்கில்தான் சேரும்.

அதற்குப்பின் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். யாராவது புதிதாக வரைந்தால் ஓரிரு நாளுக்குள் எழுதிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து எழுதினால், வரைந்தவருக்கே எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைவிருக்காது. எனக்குத் தெரியாததைக் கேட்காமல் எதையும் அழிப்பதில்லை. ஒரு கடிதத்தில் ஒரு குறையைத்தான் சொல்கிறேன். போன மாதம் ஒரு மாணவருக்கு எழுதியது இது: “வணக்கம். புளோக் எண்ணும் அஞ்சல் குறியீடும் பிசகாமல் போட்டிருக்கிறீர்கள், நன்றி. கட்டடங்கள் மட்டும் கொஞ்சம் வடக்கே தள்ளியிருக்கின்றன, படம் சாய்ந்திருப்பதால் வருவது. முதல் இரண்டை நான் நகர்த்தி வைத்திருக்கிறேன், பாருங்கள். மீதியை நீங்களே செய்து பார்க்கிறீர்களா? வாகன நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு பாதை போட்டிருக்கிறீர்களே, படி உள்ளதா, சரிவா?” அவர் மீதி ஒன்பதையும் மறுநாளே செய்துவிட்டார். பாதையில் இரண்டு படி என்றும் சேர்த்தார்.

தமிழில் எழுதுவதற்குத் தனிப் பலன் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர், தேக்காவில் சில இடங்களின் பெயரைத் தமிழில் மாற்றிப் போட்டிருந்தார். ஆசையாகச் செய்ததுதான், ஆனால் முதன்மைப் பெயர் இருக்கும் இடத்திலேயே தமிழை எழுதியதால் ஆங்கிலப் பெயர் காணாமல் போயிருந்தது. யாரோ உடனே பழையபடி மாற்றி, அவர் எழுதிய தமிழையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். நான் எழுதினேன்: தமிழ்ப் பெயருக்கென்று தனி வரி உண்டு, அங்கே போட்டால் இரண்டும் இருக்கும். “அப்படியாண்ணே, தெரியாமப் போச்சே” என்றவர், அந்த ஞாயிற்றுக்கிழமையே சிராங்கூன் சாலையில் பாதியை முடித்துவிட்டார்.

மென்மையாகச் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. கூகல் மேப்பைப் பார்த்துக் கடைப்பெயரை எடுத்தெழுதக் கூடாது. உரிமப் பிரச்சினை அது. அப்படி எழுதியதை நீக்கத்தான் வேண்டும். அதையும் காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

2010இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்குமிருந்து தொண்டூழியர்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் தெருக்களை வரைந்து மீட்புப் பணியாளர்களுக்குக் கொடுத்தார்கள். இன்று அப்படிப்பட்ட பேரிடர்ப் பணிகளில் நிலத்தைச் சின்னச் சின்னச் சதுரமாகப் பிரித்து, ஒருவர் வரைய இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் நம் தெருவை நாமே நேராக வரையும்போது சேமித்த உடனே அது வரைபடத்தில் ஏறிவிடும். சரிபார்க்க என்று யாரும் இல்லை, பார்ப்பவர் தானாகப் பார்த்தால்தான் உண்டு. அதனால், பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு நாள் வரையச் சொல்லும் பள்ளிகளையும் சமூக மன்றங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: எத்தனை கட்டடம் வரைந்தார்கள் என்று எண்ணி அறிவிப்பதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு, ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பழகிய ஆளை விடுங்கள். அவர் தினமும் பத்து நிமிடம் பார்த்து எழுதினால் போதும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. உலாவியில் வரைந்து சேமிக்கும்போது, என் திருத்தத்தை யாராவது பாருங்கள் என்று கேட்கும் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். கூச்சப்படாமல் அதில் டிக் போடுங்கள். ஈசூன், செம்பவாங் பக்கம் என்றால், இரவு பத்து மணிக்குமேல் நான் பார்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
விநியோக வேன் ஓட்டுநர்,
ஈசூன்