"டீச்சர், ரெண்டுக்கு": தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைமையாசிரியர்களுக்கு, வணக்கம்.

30 ஆண்டுகள் அரசு தொடக்கப்பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். "டீச்சர், ரெண்டுக்கு" என்று விரல் நீட்டிய பிள்ளைகளிடம் "மணி அடிக்கட்டும், உட்காரு" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பெஞ்சு விளிம்பை இரண்டு கையாலும் பற்றி, காலைப் பின்னிக்கொண்டு, நெற்றி வியர்க்க உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சேட்டை என்று நினைத்தேன். அது தப்பு.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வந்தபின், நிறையப் பிள்ளைகள் பள்ளியில்தான் காலையில் சாப்பிடுகிறார்கள். பொங்கலும் சாம்பாரும் இறங்கி இரைப்பை விரிந்ததுமே நரம்பு வழியாகப் பெருங்குடலுக்குத் தகவல் போய்விடும். மற்ற நேரம் மெல்ல அசைந்துகொண்டிருக்கும் பெருங்குடல், அப்போது நீளமாக ஒரு தள்ளு தள்ளி, உள்ளிருப்பதை மலக்குடலுக்குள் இறக்கும். மலக்குடல் விரிந்தால் ஆசனவாயின் உள்தசை தானாகவே தளரும். அதை யாராலும் அடக்க முடியாது. வெளித்தசை மட்டும்தான் நம் சொல் கேட்கும். அந்தப் பையன் முழு பலத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தது அதைத்தான். இதெல்லாம் பெரும்பாலும் உங்கள் முதல் பாடவேளையில்தான் நடக்கும்.

அடக்கினால் சிறிது நேரத்தில் உணர்வு மங்கிவிடும், பிள்ளையும் விளையாடப் போய்விடும். ஆனால் பெருங்குடலின் வேலையே நீரை உறிஞ்சுவது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர்மம் அதற்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிதான். தேங்கிய மலத்திலிருந்தும் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் மலம் கல்லாக இறுகி, போகும்போது வலிக்கும், சில நேரம் ரத்தமும் கசியும். வலிக்குப் பயந்து பிள்ளை இன்னும் அடக்கும். இது மாதக்கணக்கில் நீடித்தால் மலக்குடல் அகன்று, நிறைந்திருப்பதை உணரும் திறனே குறைந்துவிடும். இறுகியதைச் சுற்றி நீராகக் கசிந்து கால்சட்டையில் கறை படியும். வகுப்பே மூக்கைப் பொத்திச் சிரிக்கும். கசிந்தது அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்காது. தயவுசெய்து அவனைத் திட்டாதீர்கள். பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

காலை உணவுக்கும் இறைவணக்கத்துக்கும் நடுவே பத்து நிமிடம் கழிப்பறைக்கென்றே விடுங்கள். முதல் பாடவேளையில் யார் விரல் காட்டினாலும் கேள்வி கேட்காமல் அனுப்பச் சொல்லி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். ஒரு பிள்ளை பொய் சொல்லிவிட்டு வெளியே சுற்றி வந்தால் ஐந்து நிமிடப் பாடம் போகும், போகட்டும். கழிப்பறைச் சாவி அலுவலக ஆணியில் தொங்க வேண்டாம். தாழ்ப்பாள் இல்லையென்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நாளைக் காலை நீங்களே போய்க் கதவைச் சாத்திப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்குத் தாழ்ப்பாள் எட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை