சேதுவுக்கு: ஒரு நாய்க்குட்டி, ஒரு மேதை

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள சேது,

நலம். நீயும் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் நண்பன் ‘கொசு’வின் ஓய்வூதிய வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை நேரில் சொல்கிறேன். அது எழுதித் தீராது.

இப்போது எழுதுவது எங்கள் நாய்க்குட்டி பொரிக்காக. என் மகள் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டிக்கு, முதல் தடுப்பூசிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் பார்வோ என்ற வைரஸ் நோய் பிடித்துக்கொண்டது. நுரை நுரையாக வாந்தி, ரத்தம் கலந்த பேதி, ஒருமுறை நுகர்ந்தால் மறக்க முடியாத அந்த நாற்றம். வழக்கமாகக் கொடுக்கும் மருந்து எதுவும் அந்த வைரஸைக் கொல்வதில்லை. உடம்பு தானாக எழுந்து நிற்கும்வரை நீர் வற்றாமல் காப்பதுதான் வைத்தியம். வற்றிப்போன குட்டிக்கோ நீர் ஏற்ற ரத்த நரம்பு அகப்படவில்லை. மருத்துவர் இரண்டு முன்னங்கால்களிலும் குத்தி ஓய்ந்தபின், பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் பஞ்சை நனைத்து மயிரை ஒதுக்கி, கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, கண்ணை எங்கோ சுவரில் வைத்துக்கொண்டு ஊசியை இறக்கினார். குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. “ஜீனியஸ்!” என்று என் மகள் கத்தியேவிட்டாள்.

உன் பேரனுக்கு அபாகஸ் போட்டியில் ‘இளம் மேதை’ என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்றும், நான் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் நீ எழுதியிருந்தாய் அல்லவா? அந்த வழக்கை ராத்திரி முழுவதும் விசாரித்தேன். நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் உப்புநீர்ப் புட்டியைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டு, சொட்டு நிற்கிறதா என்று பார்ப்பவனுக்கு வேறு வேலை கிடையாது.

ஜெர்மன் தத்துவஞானி ஷோப்பன்ஹவர் வகுத்த பாகுபாடு உனக்கும் தெரியும்: திறமையாளன் பிறரால் எட்ட முடியாத இலக்கை அடிக்கிறான், மேதையோ பிறர் கண்ணுக்கே தெரியாத இலக்கை அடிக்கிறான். (தம் பூடில் நாய்களுக்கு ஆத்மா என்று பெயரிட்டவர் அவர். பொரி என்று வைத்ததற்கு நீ என்னைக் கேலி செய்தாய்.) இந்தக் கணக்கில் கம்பவுண்டர் தேறமாட்டார். நரம்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது என்பதை எல்லோரும் அறிவோம். எத்தனையோ நாய்களைத் தொட்டுத் தொட்டு அவர் விரல் பழகியிருக்கிறது. உன் பேரனும் தேறமாட்டான், கோபித்துக்கொள்ளாதே. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கை வேகமாகப் போடுவது மேதைமை ஆகாது.

நம் கல்லூரி உதவித்தொகையைப் பறித்து அனுப்பிவைத்த அந்த மாணவரோ வேறு ஜாதி. 1920 ஜனவரியில், சாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ராமானுஜன் மாக் தீட்டா சார்புகள் என்று எதையோ கண்டுபிடித்ததாகச் சொல்லி, உதாரணங்களை அடுக்கினார். அவை உண்மையில் என்ன என்பது 2002-இல் ஸ்வேகர்ஸ் என்பவரின் ஆய்வேட்டில்தான் தெளிவாயிற்று. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இலக்கு எங்கே என்று தெரியாமலே உலகம் அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடு இரவு தாண்டிப் பொரியின் காது சில்லிட்டபோது, வெந்நீர் வைத்துப் பையில் ஊற்றித் துண்டில் சுற்றி வயிற்றோடு அணைத்து வைத்தேன். அப்போது ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் நினைவு வந்தது. கணவர் வலி என்று சொல்லும்போதெல்லாம் காலுக்கும் மார்புக்கும் ஒத்தடம் கொடுத்ததையும், அதற்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள் மட்டும் தம்மிடம் இன்னும் இருப்பதையும் அவர் முதுமையில் சொல்லியிருக்கிறார். அவர் கண்ட இலக்கு ஒன்றே, இந்த மனிதர் இன்றிரவு வலியில்லாமல் தூங்க வேண்டும் என்பது. சேது, கண்ணுக்குத் தெரியாததை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த அதே அறையில், எல்லோருக்கும் தெரிகிற வலியை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இத்தனை வயதில் உறைத்தது. நாம் போட்ட சண்டைகளில் அந்த அம்மாளின் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

காலையில் வாந்தி நின்றிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர்.

உன் வீட்டு நாய் ராஜாவுக்குத் தடுப்பூசி போட்டாயா? இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டே ஊர் போகும். தரையை பிளீச்சிங் போட்டுத் துடைத்தாலும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே குட்டியண்ணா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாலும் உன் வாசல் மிதிக்கமாட்டேன். மண்டபத்திலேயே பார்ப்போம், சான்றிதழையும் அங்கேயே கொண்டு வா.

உன்,
வாசு