அறுவை சிகிச்சைக்கு முன் சத்து மருந்துகள்: சீட்டில் எழுதித் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு வரும் நோயாளிகள், இரத்த ஓட்டம் கூடும், புண் சீக்கிரம் ஆறும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பி, சத்து மாத்திரைகளையும் பொடிகளையும் மருத்துவரிடம் கேட்காமலே வாங்கிச் சாப்பிடுவதைக் குமரி மாவட்டத்தில் அடிக்கடி காண முடிகிறது. மார்த்தாண்டம் பகுதியில் நெடுங்காலம் மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

இந்த நம்பிக்கை முழுவதும் ஆதாரமற்றதன்று. அறுத்துத் தைத்த இடம் கூடிவர வேண்டுமானால், அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வழியாக ஆக்சிஜன் தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். அக்குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்வது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. இரத்த ஓட்டத்தில் அதன் பங்கைக் கண்டறிந்த அமெரிக்க அறிவியலாளர் மூவருக்கு 1998-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாயுவை நம் உடல் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உண்டாக்கிக்கொள்கிறது. பெரிய அறுவைக்குப் பின் ஆர்ஜினேஸ் என்ற நொதி பெருகி ஆர்ஜினினைச் சிதைப்பதால், மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது குறைந்துபோகிறது. ஆகவே உணவுக்குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றில் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை செய்துகொள்பவர்களுக்கு, 5 முதல் 7 நாட்களுக்கு முன்பிருந்தே ஆர்ஜினினும் மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பும், மரபுப்பொருளின் அடிப்படைக் கூறுகளான நியூக்ளியோடைடுகளும் சேர்ந்த பானத்தைக் கொடுக்கும் முறை பல நாடுகளில் உள்ளது. பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்த இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள், குடல் திசுவில் இரத்த ஓட்டம் மேம்பட்டதையும் அறுவைக்குப் பிந்தைய தொற்று குறைந்ததையும் 2002-இல் வெளியிட்டார்கள்.

ஆனால் அது மருத்துவர் அளவு சொல்லி, குறிப்பிட்ட அறுவைக்கென்றே தரப்படுவது. நம்மவர்கள் வாங்குவதோ வேறு. நீரிழிவினால் கால்விரலை எடுக்க வேண்டியிருந்த மீனவர் ஒருவர், தாம் சாப்பிட்டு வந்தவற்றை ஒரு மஞ்சள் பையிலிருந்து என் மேசைமேல் எடுத்து வைத்தார். பூண்டு எண்ணெய் கேப்சூல், ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சத்து மாத்திரை, வைட்டமின் ஈ ஆகியவற்றோடு, கர்ப்பிணியான மருமகளுக்கு எழுதிக் கொடுத்ததில் மீந்திருந்த ஆர்ஜினின் பொடிப் பாக்கெட்டுகளும் அதில் இருந்தன. மருத்துவமனையில் அவருக்குக் கொடுத்த சீட்டில் அறுவைத் தேதியும் ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்ற ஒரு வரியும் தவிர வேறொன்றும் இல்லை. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே யாரும் அவரைக் கேட்கவுமில்லை.

பூண்டுச் சத்து, ஜிங்கோ, அதிக அளவு வைட்டமின் ஈ ஆகிய மூன்றும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. பூண்டு மாத்திரையை 7 நாட்களுக்கு முன்பும் ஜிங்கோவைக் குறைந்தது 36 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும் என்பது மருத்துவ இதழ்களில் வந்துள்ள அறிவுரை. ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் இவற்றையும் சேர்த்துக்கொண்டால், அறுவையிலும், முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடும் இடத்திலும் இரத்தக்கசிவுக்கு வழியாகும். அதற்காக ஆஸ்பிரினைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்து. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. மீன் எண்ணெயைப் பற்றி முன்பிருந்த இத்தகைய அச்சத்தை மட்டும், இதய அறுவை நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வொன்று பெரிதும் போக்கியிருக்கிறது.

ஆர்ஜினினும் எல்லாருக்கும் ஏற்றதன்று. மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆர்ஜினின் பெற்றவர்களில் 6 பேர் இறந்தார்கள். பெறாத பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. அதனால் அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவு 2006-இல் வெளியானது. இரத்த அழுத்த மாத்திரையோடு சேரும்போது ஆர்ஜினின் அழுத்தத்தை மேலும் இறக்கிவிடக்கூடும். இதய நோயும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒருசேர உள்ள முதியவர்கள் நிறைந்த நம் ஊர்களில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாகாது.

திசுவுக்கு இரத்தமும் ஆக்சிஜனும் போய்ச் சேர உறுதியாக உதவுபவை செலவு குறைந்தவைதாம். பீடி, சிகரெட்டை அறுவைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால், காத்திருக்கும் வாரங்களிலேயே இரும்புச்சத்து கொடுத்து அதைச் சரிசெய்ய முயலலாம். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கரையெங்கும் சாளையும் அயிலையும் கிடைக்கும் மாவட்டம் இது. ஆயினும் அறுவை என்றதும் மீனை விலக்கிக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்குமாக நோயாளியை மெலிய விடும் வீடுகள் இன்றும் உள்ளன என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எனவே, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி மாவட்டத்தின் எல்லா மருத்துவமனைகளிலும், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே நோயாளியின் எடை, ஹீமோகுளோபின், சர்க்கரை அளவு ஆகியவற்றோடு அவர் சாப்பிடும் மாத்திரை, பொடி, லேகியம், கஷாயம் அனைத்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எதை எந்தத் தேதியில் நிறுத்துவது, எதைத் தொடர்வது, சத்துப் பானம் தேவையா, தேவையென்றால் எத்தனை நாள் என்பதைத் தமிழில் அச்சிட்ட சீட்டில் குறித்துத் தர வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதை முதலில் தொடங்குமாறு மாவட்ட ஆட்சியரையும் சுகாதாரத் துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன். திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் அதே படிவத்தை நிரப்பி அங்குள்ள மயக்கவியல் மருத்துவரிடம் காட்டலாம். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தால், கேட்ட பொருளைக் கொடுக்கலாமா கூடாதா என்று மருந்தாளுநரும் தயக்கமின்றிச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.